மணி எத்தனை முறை அடித்தது?

நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் பள்ளியில், ஒரே நேரத்தில் பல வேலைகளைக் கவனித்து விடை சொல்லும் கவனக நிகழ்ச்சி ஒன்று நடந்தது. இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. மேடையில் ஒருவர் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நிற்கும் பையன் தோன்றும்போதெல்லாம் அவர் முதுகில் ஒரு சோளத்தை எறிகிறான். பக்கத்தில் இன்னொருவன் பித்தளை மணியை வைத்துக்கொண்டு, மனம் போனபடி ஒரு அடி அடிக்கிறான். மணியின் நாவில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. கூட்டத்தில் ஒருவர் எழுந்து ஏதோ ஒரு எண்ணைச் சொல்லி அந்தக் குறளைக் கேட்கிறார். கணக்கு வாத்தியார் நாலு இலக்கப் பெருக்கல் கொடுக்கிறார். தமிழ் ஐயா வெண்பாவுக்கு ஈற்றடி கொடுக்கிறார். யாரோ தன் பிறந்த தேதியைச் சொல்லிக் கிழமை கேட்கிறார். எல்லாவற்றுக்கும் விடை சொல்லி முடித்தவர் கடைசியில், "சோளம் நாற்பத்தொன்று, மணி இருபத்தேழு" என்றார். மணியடித்த பையன் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். மண்டபமே அதிர்ந்தது.

அவதானம் என்பதுதான் இதன் பழைய பெயர். எட்டு வேலை என்றால் அட்டாவதானம், பத்து என்றால் தசாவதானம், நூறு என்றால் சதாவதானம். நாகர்கோவில் பக்கத்து இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறையும் செய்து காட்டிச் சதாவதானி ஆனார். இப்படிப்பட்டவர்களைப் பார்த்ததும் நம் வாயில் வருவது ஒன்றுதான்: "அவங்க மூளையே வேற." எனக்கும் வெகுகாலம் அந்த எண்ணம்தான். அறிவாற்றல் உளவியல் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அது மாறியது. அவர்களுடைய மூளையின் வாசலும் நம்முடையதைப் போல ஒடுக்கமானதுதான். அந்த வாசலுக்குள் சரக்கை மடித்து அனுப்பத் தெரிந்தவர்கள் அவர்கள்.

பாடப்புத்தகங்கள் புலனறிவு, கவனம், நினைவு என்று மூன்று அத்தியாயமாகப் பிரித்துக் கொடுக்கும். தேர்வுக்குப் படிக்க அது வசதி. ஆனால் அந்த மணியை எண்ணுகிற வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். காதில் விழுந்த சத்தம் மணிதான் என்று தெரிய வேண்டும், அத்தனை சந்தடியில் அதைக் காதில் வாங்க வேண்டும், கடைசி வரை எண்ணிக்கையை விடாமல் வைத்திருக்க வேண்டும். மூன்றும் பிரிக்க முடியாமல் பின்னிக்கிடக்கின்றன. மூன்றிலும் நடப்பது ஏறக்குறைய ஒரே சங்கதி என்றுகூட எனக்குத் தோன்றுகிறது: உள்ளே ஏற்கெனவே என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் புதியது உள்ளே வருகிறது.

முதலில் கண்ணைப் பார்ப்போம். இடது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இரண்டு கைகளையும் நேராக நீட்டிக் கட்டை விரல்களை நிமிர்த்தி அருகருகே வையுங்கள். வலது கண்ணால் இடது கட்டை விரலின் நகத்தையே பார்த்துக்கொண்டு, வலது கையை மட்டும் மெல்ல வலப்பக்கம் நகர்த்துங்கள். பார்வை நகத்தை விட்டு அசையக் கூடாது. ஏறக்குறைய முக்கால் சாண் போனதும் வலது விரலின் நுனி காணாமல் போகும். இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் திரும்ப வந்துவிடும். பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறுகிற இடத்தில் ஒளியை உணரும் செல்கள் கிடையாது. 1660களில் பிரெஞ்சு அறிஞர் எட்மே மரியோட் இதைக் கண்டுபிடித்தார். அங்கே ஒரு ஓட்டை இருக்கிறது என்பதைவிட, அது நமக்குத் தெரியவே இல்லை என்பதுதான் விசித்திரம். விரல் மறைந்த இடத்தில் கறுப்புப் புள்ளியா தெரிந்தது? பின்னால் இருக்கும் சுவரின் நிறம்தானே தெரிந்தது? சுற்றிலும் இருப்பதைப் பார்த்து மூளை அந்த இடத்தைப் பூசி மெழுகிவிட்டது.

பூச்சு வேலை அதோடு நிற்பதில்லை. கண்ணில் கூர்மையாகத் தெரிகிற பகுதி, கையை நீட்டிப் பிடித்தால் கட்டை விரல் நகம் எவ்வளவு இருக்கிறதோ ஏறக்குறைய அவ்வளவுதான். மற்றதெல்லாம் மங்கல். அதனால்தான் கண் நொடிக்கு மூன்று முறை போலத் தாவிக்கொண்டே இருக்கிறது. தாவும் நேரத்தில் வரும் கலங்கலான காட்சியை மூளை நமக்குக் காட்டுவதில்லை. கண்ணாடி முன்னால் நின்று உங்கள் இடது கண்ணையும் வலது கண்ணையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். கண் நகர்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும். செல்போனின் முன்பக்கக் கேமராவில் பார்த்தால் மட்டும் உங்களுக்கும் தெரியும். படம் ஒரு கணம் தாமதமாக வருவதால் மூளையின் தணிக்கையிலிருந்து அது தப்பிவிடுகிறது.

கண் அனுப்புவது துண்டும் துணுக்கும்தான், நாம் 'பார்ப்பது' அதிலிருந்து மூளை ஊகித்துக்கொண்டது என்று 1860களிலேயே ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதிவிட்டார். நம்மை அறியாமலே நடக்கும் ஊகம் என்றார். ஊருக்குள் இதைச் சொல்ல ஒரு பழமொழியே உண்டு. கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம். தெருநாயை அடிக்கக் கல் தேடும் கதையாகத்தான் பலரும் இதைச் சொல்கிறோம். கல்லில் செதுக்கிய நாயைப் பற்றியது என்று சொல்பவர்களும் உண்டு. நாயாகப் பார்க்கும்போது கல் மறைந்துவிடும், கல்லாகப் பார்த்தால் நாய் போய்விடும். டென்மார்க்கின் எட்கர் ரூபின் 1915இல் வரைந்து காட்டிய பூச்சாடிப் படமும் இதே விஷயம்தான். ஒரு பார்வையில் சாடி, மறு பார்வையில் எதிரெதிரே இரண்டு முகம். இரண்டையும் சேர்த்து ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. தாளில் எதுவும் மாறவில்லை. எதை உருவாக எடுப்பது, எதைப் பின்னணியாக விடுவது என்பது மட்டும்தான் மாறுகிறது.

காது இதைவிடச் சுவாரசியமானது. ஆங்கிலம் மட்டுமே தெரிந்த ஒருவரிடம் 'பட்டு', 'பத்து' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். இரண்டும் ஒன்றுதானே என்பார். வேண்டுமென்று சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே ஒன்றாகத்தான் கேட்கிறது. கனடாவின் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதன் வேரைக் காட்டியது. இந்தியில் உள்ள ட, த ஒலிகளைக் குழந்தைகளுக்குக் கேட்கவிட்டார்கள். ஒலி மாறும்போது தலையைத் திருப்பினால் ஒரு பொம்மை வெளிச்சம் போட்டு ஆடும். ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்த ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை சரியாகத் திரும்பின. பத்து, பன்னிரண்டு மாதத்தில் அந்தத் திறமை ஏறக்குறைய போய்விட்டது. இந்தி பேசும் வீட்டுக் குழந்தைகளுக்குப் போகவில்லை. காது மழுங்கிவிட்டதா என்றால் இல்லை. இந்த வீட்டில் இந்த வித்தியாசத்துக்கு வேலையில்லை என்று குழந்தை கற்றுக்கொண்டுவிட்டது. நாமும் சளைத்தவர்கள் இல்லை. இந்தி வகுப்பில் நான்கு 'க' சொல்லிக்கொடுத்தபோது நான்குக்கும் ஒரே மாதிரி தலையாட்டிய ஆள் நான்.

சரி, கவனத்துக்கு வருவோம். உளவியலாளர்கள் பக்கம் பக்கமாக எழுதியதைத் தமிழ் இரண்டு வினைச்சொற்களில் வைத்திருக்கிறது: காதில் விழுவது, காதில் வாங்குவது. 1953இல் காலின் செர்ரி என்ற ஆங்கிலேயர் செய்த சோதனை இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளந்தது. இரண்டு காதிலும் வெவ்வேறு பேச்சு ஒலிக்கும். ஒரு காதில் வருவதை மட்டும் கூடவே திரும்பச் சொல்லிக்கொண்டு வர வேண்டும். முடிந்த பிறகு அடுத்த காதில் என்ன வந்தது என்று கேட்டால் ஒன்றும் தெரியாது. ஆண் குரல் பெண் குரலாக மாறினால் கண்டுபிடித்தார்கள். பேச்சு ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்கு மாறியதைக்கூடக் கவனிக்கவில்லை.

இதை வைத்து டொனால்ட் பிராட்பென்ட் 1958இல் வடிகட்டிக் கொள்கையைச் சொன்னார். வாசலிலேயே ஒரு தடுப்பு, ஒரு நேரத்தில் ஒரு வரிசைக்கு மட்டும் வழி. அழகான கொள்கை, ஆனால் மறு வருடமே அதற்கு அடி விழுந்தது. வாங்காத காதில் ஒருவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் மூன்றில் ஒருவர் போலக் கவனித்துவிடுகிறார்கள் என்று நெவில் மோரே காட்டினார். தடுப்புக்கு வெளியே நிற்பது தன் பெயர்தான் என்று உள்ளே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? ஆன் டிரீஸ்மன் அறுபதுகளில் ஒரு திருத்தம் சொன்னார். மனம் மற்ற ஒலிகளை அணைத்துவிடுவதில்லை, சத்தத்தைக் குறைத்து மட்டும் வைக்கிறது. சொந்தப் பெயர் போன்ற சில சொற்களுக்கு அந்த முணுமுணுப்பே போதும். கல்யாண மண்டபத்து இரைச்சலில் நாலு வரிசை தள்ளி யாரோ நம் பெயரைச் சொன்னால் கழுத்து தானாகத் திரும்புவது இதனால்தான்.

கண்ணுக்கும் இதே கதி. டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் இருவரும் 1999இல் வெளியிட்ட கொரில்லாச் சோதனையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், கொரில்லா உடை போட்ட ஆள் நடுவில் வந்து மார்பில் தட்டிவிட்டுப் போனதைப் பார்க்கவே இல்லை. எனக்கு அதைவிட அச்சமூட்டுவது 2013இல் வந்த ஆய்வு. நுரையீரல் சிடி ஸ்கேன் படங்களில் சிறு கட்டிகளைத் தேடும்படி 24 கதிரியக்க மருத்துவர்களிடம் கொடுத்தார்கள். ஒரு படத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கொரில்லாவை ஒட்டிவைத்திருந்தார்கள். சராசரிக் கட்டியைப் போல 48 மடங்கு பெரியது. 20 பேர் அதைக் காணவில்லை. கண் எங்கே போகிறது என்று அளந்த கருவியோ, அவர்களில் பலருடைய பார்வை அதே இடத்தில் விழுந்ததைக் காட்டியது. கண்ணில் பட்டது, ஆனால் பார்க்கவில்லை. அவர்கள் அசட்டை செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். சிறு வெள்ளைப் புள்ளியைத் தேடப் பழகிய கண்ணுக்குப் பெரிய கறுப்பு உருவம் சரக்காகவே படவில்லை.

வண்டி ஓட்டிக்கொண்டே போனில் பேசுபவர்கள் "கையில பிடிக்கல சார், ப்ளூடூத்துதான்" என்பார்கள். அமெரிக்காவின் யூட்டாவில் டேவிட் ஸ்ட்ரேயர் குழு 2001இல் சோதித்தபோது, கையில் பிடித்துப் பேசினாலும் பிடிக்காமல் பேசினாலும் ஓட்டுநர் சிக்னலைத் தவறவிடுவதில் வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. இடைஞ்சல் கையில் இல்லை, பேச்சில் இருக்கிறது. அப்படியென்றால் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் பேசுவதும் அதே ஆபத்துதானே என்று கேட்கலாம். அந்த அளவுக்கு இல்லை. குறுக்கே லாரி வந்தால் பக்கத்தில் இருப்பவரும் பார்ப்பார், வாயை மூடிக்கொள்வார். போனில் இருப்பவருக்கு லாரி தெரியாது.

காதில் விழுந்து வாங்காமல் விட்டது உடனே அழிந்துவிடுகிறதா? அதுவும் இல்லை. "என்ன சொன்னே?" என்று கேட்டுவிட்டு, எதிராளி திரும்பச் சொல்வதற்குள் நாமே பதில் சொல்லிவிடுகிறோம் அல்லவா? ஒலியின் எதிரொலி போல ஒன்று ஓரிரு நொடி உள்ளே நிற்கிறது. அடுப்பங்கரையில் குக்கர் இரண்டாவது விசில் விட்டதா மூன்றாவதா என்று நம் வீடுகளில் நடக்கும் தகராறும் இதில் சேரும். இப்போது வந்த விசிலைப் பற்றிச் சந்தேகமே இருக்காது, அதற்கு முந்தையது எத்தனையாவது என்பதில்தான் சண்டை.

கண்ணுக்கும் இப்படி ஒன்று உண்டு. தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பால் காற்றில் பெயர் எழுதுவோமே, அந்தக் கோடு காற்றில் இல்லை, கண்ணில்தான் இருக்கிறது. ஜார்ஜ் ஸ்பெர்லிங் 1960இல் அதை அளக்க ஒரு நுட்பமான வழி கண்டார். வரிசைக்கு நான்கு எழுத்தாக மூன்று வரிசை, மொத்தம் 12 எழுத்து. நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி மறைத்துவிடுவார். என்னென்ன எழுத்து என்று கேட்டால் நாலைந்துதான் சொல்ல முடிந்தது. ஆனால் எல்லோரும் ஒரு புகார் சொன்னார்கள்: "எல்லாத்தையும் பார்த்தேன், சொல்லச் சொல்ல மறைஞ்சு போச்சு." ஸ்பெர்லிங் அதைப் பொருட்படுத்தினார். படம் மறைந்த உடனே ஒரு ஒலி எழுப்பினார். உச்ச ஒலி என்றால் மேல் வரிசை, நடு ஒலி என்றால் நடு வரிசை, தாழ்ந்த ஒலி என்றால் கீழ் வரிசை. எந்த வரிசையைக் கேட்டாலும் நான்கில் மூன்று சொன்னார்கள். எந்த வரிசை கேட்கப்படும் என்று முன்னால் தெரியாது. ஆகவே பன்னிரண்டில் ஒன்பது அந்தக் கணத்தில் உள்ளே இருந்திருக்கிறது! ஒலியை ஒரு நொடி தாமதித்தால் இந்த லாபம் போய்விட்டது. ஆக, உள்ளே வருவது ஏராளம். நிற்க இடம்தான் இல்லை.

எவ்வளவு இடம்? ஜார்ஜ் மில்லர் 1956இல் ஏழு, ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாம் என்றார். நெல்சன் கோவன் 2001இல் சான்றுகளைத் திரும்ப அலசி, மனதுக்குள் சொல்லிப் பார்க்கும் உத்திகளைக் கழித்துவிட்டால் நான்குதான் தேறும் என்றார். ஆனால் மில்லர் சொன்னதில் முக்கியமானது எண் இல்லை. இடம் துண்டுகளுக்குத்தான், துண்டு எவ்வளவு பெரியது என்பதற்குக் கணக்கில்லை. 194720041987 என்ற பன்னிரண்டு இலக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிச் சொல்லுங்கள். சுதந்திரம், சுனாமி, எம்ஜிஆர் மறைவு என்று தெரிந்தவருக்கு இதில் மூன்றே துண்டுதான். இந்த மூன்று வருடமும் ஒன்றும் சொல்லாத ஒரு ஆளுக்குப் பன்னிரண்டு. எண் அதேதான், வாசலும் அதேதான். உள்ளே இருப்பதுதான் வேறு.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் எழுபதுகளின் கடைசியில் ஒரு சாதாரண மாணவரை வைத்து இதை எல்லை வரை கொண்டுபோனார்கள். தொடக்கத்தில் அவரால் ஏழு இலக்கம் போலத்தான் சொல்ல முடிந்தது. சுமார் 230 மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு 79 இலக்கம். அவர் ஓட்டக்காரர். 3492 என்று கேட்டால் அவருக்கு அது 3 நிமிடம் 49.2 நொடி, மைல் ஓட்டத்தில் உலக சாதனைக்குப் பக்கத்து நேரம். எல்லா எண்ணையும் இப்படி ஓட்ட நேரமாக, வயதாக, தேதியாக மாற்றி அடுக்கினார். பிறகு எண்ணுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்தார்கள். ஆறு எழுத்துக்கு மேல் நிற்கவில்லை! 79 இலக்கத்தைச் சுமக்கிற அளவுக்கு இடம் பெருகியிருந்தால் எழுத்தும் நின்றிருக்க வேண்டுமே. இடம் பெருகவில்லை, மடிக்கக் கற்றிருந்தார்.

சென்னையில் பிறந்து மங்களூரில் வளர்ந்த ராஜன் மகாதேவன் 1981இல் பை (π) என்ற கணித எண்ணின் மதிப்பில் 31,811 இலக்கங்களைத் தவறில்லாமல் ஒப்பித்து உலக சாதனை செய்தவர். பிறகு அமெரிக்க ஆய்வாளர்கள் அவரைப் பல வருடம் சோதித்தார்கள். படங்களைக் காட்டி எந்தப் பொருள் எங்கே, எந்தப் பக்கம் பார்த்தபடி இருந்தது என்று கேட்டபோது அவரும் மற்றவர்களைப் போலத்தான். 1992இல் அதைத் தனிக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள்.

இப்போது கவனகர் செய்தது கொஞ்சம் புரியத் தொடங்குகிறது. நான் புரிந்துகொண்ட வரையில், அவர் எல்லாக் கேள்வியையும் ஒரே நேரத்தில் சுமப்பதில்லை. மணி என்பது ஒரே ஒரு எண். கேட்கும்போது ஒன்று கூட்டினால் போதும், பழைய எண்ணை விட்டுவிடலாம். குறள் 1330க்கும் உள்ளே வரிசையாக ஆணி அடித்து வைத்திருக்கிறார். எண் சொன்னால் கை நேரே அந்த ஆணிக்குப் போகிறது. வெண்பா இன்னும் வசதி. எதுகை, மோனை, தளை எல்லாம் புலவரைக் கட்டிப்போடுவதாக நாம் நினைக்கிறோம். நினைவுக்கு அவைதான் கைப்பிடி. அடுத்து வரக்கூடிய சொற்களை யாப்பே பாதிக்குமேல் கழித்துவிடுகிறது.

செய்குத்தம்பிப் பாவலரைப் பற்றி எல்லோரும் சொல்லும் ஒரு கதை உண்டு. அவரை மடக்கும் நோக்கத்தில் ஒருவர் 'துருக்கனுக்கு ராமன் துணை' என்று ஈற்றடி கொடுத்தாராம். துருக்கன் என்றால் இஸ்லாமியர், பாவலரும் இஸ்லாமியர். பாவலர் யோசிக்காமல், முந்திய அடியைப் பரதன், இலக்குவன் என்று கொண்டுபோய் 'சத்' என்ற அசையில் நிறுத்தினார். அடுத்த அடி 'துருக்கனுக்கு' என்று தொடங்கியதும் சத்துருக்கன் வந்துவிட்டான். தம்பியர் மூவருக்கும் ராமன் துணை. இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கல்நாய்தான் நினைவுக்கு வரும். எழுத்து ஒன்றும் மாறவில்லை. வெட்டுகிற இடம் மாறியதும் உரு வேறாகிவிட்டது. பார்ப்பது, கவனிப்பது, நினைவில் வைப்பது என்று இந்த ஒரு அடியை எந்த அத்தியாயத்தில் போடுவது?

சற்று நேரம் வைத்திருக்கும் நினைவும் காலத்துக்கும் வைத்திருக்கும் நினைவும் வேறு வேறு என்று உறுதியானது ஒரு மனிதரின் துன்பத்தால். வலிப்பு நோய்க்காக 1953இல் அமெரிக்காவின் ஹென்றி மொலைசனுக்கு மூளையின் இரு பக்கமும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். அப்போது வயது 27. வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பின் நடந்த எதுவும் மனதில் தங்கவில்லை. எண்களைக் கேட்டுத் திரும்பச் சொல்வார், பேச்சும் தெளிவு. பேசிக்கொண்டிருந்தவர் வெளியே போய்விட்டுத் திரும்பினால் புது ஆள். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை பிரெண்டா மில்னர் அவருக்குக் கொடுத்தார். நாளுக்கு நாள் கை தேறிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு நாளும் இதை முதல்முறையாகச் செய்வதாகவே அவர் நினைத்தார். அவர் 2008இல் இறந்தார்.

மறதியை முதன்முதலில் அளந்தவர் ஹெர்மன் எபிங்கவுஸ். பொருளில்லாத அசைகளை உருப்போட்டு, எவ்வளவு மறந்தது என்று தன்னையே சோதித்து 1885இல் நூலாக வெளியிட்டார். திரும்பப் படிக்கும்போது மிச்சமாகும் உழைப்பை வைத்து அளந்தார். 20 நிமிடத்தில் 58 சதவீதம் மிஞ்சியது, ஒரு மணி நேரத்தில் 44, ஒரு நாளில் 34. அப்புறம் சரிவு தணிந்துவிட்டது. ஒரு மாதம் கழித்தும் 21 சதவீதம் இருந்தது. படித்ததில் பெரும்பகுதி அன்றைக்கே போய்விடுகிறது, அதற்கு மாணவனைத் திட்டிப் பயனில்லை.

படிப்பு பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் மாணவர்களுக்கு ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதை இரண்டு முறை படித்தார்கள். இன்னொரு சாரார் ஒருமுறை படித்துவிட்டு, தாளை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் இருமுறை படித்தவர்கள் முன்னால்: அவர்கள் நினைவில் வைத்திருந்தது 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துத் தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்கள் 56, படித்தவர்கள் 42. "மூணு தடவை படிச்சிட்டேம்மா" என்பவனிடம் புத்தகத்தை வாங்கிவைத்துக்கொண்டு "எங்கே, ஒப்பி" என்று சொன்ன அம்மாக்கள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். திரும்பத் திரும்பப் படிக்கும்போது வரும் தைரியம் பக்கம் பழகிப்போனதால் வருவது, பாடம் ஏறியதால் வருவதில்லை.

ஆனால் நினைவில் எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றுவது மறதி இல்லை. மறக்காமல் இருப்பது எந்த அளவுக்கு நம்முடையது என்பதுதான். எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974இல் கார் விபத்துப் படத்துண்டுகளைக் காட்டிவிட்டு வேகம் கேட்டார்கள். கார்கள் 'மோதி நொறுங்கியபோது' என்று கேட்டால் சராசரி விடை மணிக்கு 40.5 மைல். 'தொட்டுக்கொண்டபோது' என்று கேட்டால் 31.8. இன்னொரு சுற்றில், ஒரு வாரம் கழித்து, கண்ணாடி உடைந்து கிடந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. 'நொறுங்கிய' என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்தேன் என்றார்கள். வெறுமனே 'இடித்த' என்று கேட்டவர்களில் 7 பேர். சுவரின் நிறத்தைக் கொண்டு விரல் நுனியை மூடிய அதே பூச்சு வேலை இங்கேயும் நடக்கிறது. இந்த முறை பூசப்படுவது கடந்த காலம்.

உறுதி இருந்தால் உண்மை இருக்கும் என்பதும் கிடையாது. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, செய்தியை எங்கே எப்படிக் கேட்டீர்கள் என்று உல்ரிக் நைசர் தன் மாணவர்களை எழுதச் சொன்னார். இரண்டரை வருடம் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதையே கேட்டார். 11 பேர் எழுதியது முழுக்க முழுக்கத் தவறு. அவர்களிலும் பலர் அடித்துச் சொன்னார்கள். அவரவர் கையெழுத்தில் இருந்த பழைய தாளைக் காட்டிய பிறகும் பழைய நினைவு திரும்பவில்லை.

நம் நீதிமன்றங்கள் இதைத் தங்கள் பாணியில் உணர்ந்தே இருக்கின்றன. அடையாள அணிவகுப்பில் சாட்சி ஒருவரைக் காட்டினார் என்பது மட்டுமே குற்றத்தை நிரூபிக்கும் சான்றாகாது, நீதிமன்றத்தில் அடையாளம் காட்டுவதற்கு அது ஒரு துணை, அவ்வளவுதான். அணிவகுப்பு வெகுநாள் தள்ளிப்போனாலோ, சாட்சி அதற்கு முன்பே அந்த ஆளின் படத்தைப் பத்திரிகையில் பார்த்திருந்தாலோ எதிர்த்தரப்பு வக்கீல் விடமாட்டார். சாட்சி பொய் சொல்கிறார் என்று வாதாட வேண்டிய அவசியமே இல்லை. அவர் உண்மையாகவே நம்பித்தான் சொல்கிறார் என்று வைத்துக்கொண்டாலும் கேள்வி அப்படியே நிற்கும்.

போன பொங்கலுக்கு அக்கா வீட்டுப் பிள்ளைகளிடம் அந்தக் கவனகக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சோளம், வெண்பா, மணி இருபத்தேழு எல்லாம். அடுப்பங்கரையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள்.

"டேய், நீ எங்கடா வந்தே? அன்னிக்கு உனக்கு அம்மை போட்டு வேப்பிலையோட படுத்துக் கிடந்தே. நான்தான் வந்து சொன்னேன்."

"அப்போ அந்த மணி?"

"மணியா? எவர்சில்வர் தட்டுல கரண்டியால தட்டினாங்க. எத்தனைன்னெல்லாம் எனக்கு எங்க ஞாபகம்."

அவள் சொல்வது சரியா, எனக்கு நினைவிருப்பது சரியா என்று விசாரிக்க அந்தக் காலத்து ஆட்கள் யாரும் இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. மணியின் நாவில் கட்டிய சிவப்புக் கயிற்றின் ஒரு முனை பிரிந்திருந்தது.